சேர்க்கையோட பேரை மட்டும் பாத்து பசங்க வேலையை முடிவு பண்ணாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல கிரகச் சேர்க்கைக்கும், அதாவது ஜாதகத்துல ரெண்டு மூணு கிரகம் ஒரே ராசியில சேந்து நிக்கறதுக்கும், வேலைக்கும் என்ன சம்பந்தம்னு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. சூரியனும் புதனும் சேந்திருந்தா அரசு வேலை உறுதி, குருவும் செவ்வாயும் சேந்திருந்தா நிலம் வீடுன்னு சம்பாதிப்பாங்க, சனியும் செவ்வாயும் சேந்திருந்தா எந்த வேலையும் நிலைக்காது, அப்படின்னு ஒவ்வொரு சேர்க்கைக்கும் ரெண்டு வரில தீர்ப்பு. கடைசி வரியைப் படிச்சதும் எனக்கு கை ஓடல. அதே வரியை 2009ல ஒருத்தர் என் முன்னாடி உக்காந்து சொன்னாரு, அதை நம்பி நாங்க செஞ்சதை இன்னி வரைக்கும் மறக்க முடியல, அதனாலதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் ஜோதிடத்தை நம்பாதவ இல்ல. பதினஞ்சு வருஷமா படிச்சிட்டு வர்றேன், சொந்தக்காரங்க ஜாதகம் எழுதிக் குடுக்கறேன், காசு வாங்குறதில்ல. சாஸ்திரத்து மேல மரியாதை இருக்கறதாலதான் அதை இப்படி ரெண்டு வரியா சுருக்குறப்ப வலிக்குது.

என் பொண்ணு 1992 மாசி மாசம் காலைல பொறந்தவ. மேஷ லக்னம் (பொறந்த நேரத்துல கிழக்குல உதிக்கிற ராசி, அதுலேர்ந்துதான் வீடுகளை எண்ணணும்), உத்திரட்டாதி நட்சத்திரம். தொழிலைச் சொல்ற பத்தாம் இடம் மகரம், அங்க சனியும் செவ்வாயும் ஒரு டிகிரி வித்தியாசம் கூட இல்லாம ஒட்டிக்கிட்டு நிக்குது. பன்னெண்டாவது முடிச்சிட்டு மெக்கானிக்கல் படிக்கணும்னு ஒரே பிடிவாதமா இருந்தா, சின்ன வயசுலேர்ந்து ஃபேனைக் கழட்டுறது மிக்ஸியைக் கழட்டுறதுன்னே இருப்பா. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு ஜாதகத்தை எடுத்துட்டுப் போனோம். அவரு கட்டத்தைப் பாத்த அடுத்த நிமிஷமே, பத்துல சனி செவ்வாய், நெருப்பும் எண்ணெயும் மாதிரி, மெஷின் பக்கமே விடாதீங்க, விபத்து வரும், எந்த வேலையிலயும் மூணு வருஷம் தாண்டமாட்டா, கணக்குப் படிப்புல சேருங்க, உக்காந்த இடத்துல பாக்குற வேலைதான் இவளுக்கு ஒத்துவரும்னு சொன்னாரு. அஞ்சு நிமிஷம்தான். நாங்களும் பயந்து போய் பி.காம்ல சேத்துட்டோம். அவ ரெண்டு நாள் சாப்பிடல.

அப்புறம்தான் நான் ஜோதிடப் புத்தகத்தையே கைல எடுத்தேன், நாம செஞ்சது சரியான்னு தெரிஞ்சுக்க. படிக்கப் படிக்க வயிறு கலங்குச்சு.

மகரம் சனிக்கு ஆட்சி வீடு, அதாவது சொந்த வீடு, செவ்வாய்க்கு உச்ச வீடு, அதாவது பலம் ரொம்ப அதிகமா இருக்குற இடம். மேஷ லக்னத்துக்கு செவ்வாய்தான் லக்னாதிபதி, சனிதான் பத்துக்கும் பதினொண்ணுக்கும் அதிபதி. அதாவது லக்னாதிபதி தொழில் வீட்டுல உச்சம், தொழில் வீட்டுக்காரன் தன் வீட்டுலயே ஆட்சி. பெரிய யோகம்னு சொல்ற பஞ்ச மகா புருஷ யோகம் அஞ்சுல ருசகம், சசம்னு ரெண்டு யோகம் ஒரே வீட்டுல. ரெண்டும் பகைக் கிரகம்தான், ஒரு டிகிரிக்குள்ள நிக்கிறதால கிரக யுத்தம்னு ஒரு கணக்கும் உண்டு, அதுல யாரு ஜெயிச்சா யாரு தோத்தான்னு பாக்கணும், அதையெல்லாம் நான் மறைக்கல. ஆனா அவரு யுத்தத்தையும் பாக்கல, உச்சத்தையும் பாக்கல, பாத்தது அந்த ரெண்டு பேரை மட்டும்தான். இரும்பு, இயந்திரம், கட்டடம், அறுவை சிகிச்சை இதெல்லாம் சனி செவ்வாய் சம்பந்தத்துக்குத்தான் ஜோசியருங்க பொதுவா சொல்றது, அவரு சரியா அதுக்கே தடை போட்டாரு.

இன்னும் கொடுமை, புதன் எங்க இருந்தான்னு அவரு பாக்கவே இல்ல. கணக்கு, எழுத்து, வியாபாரம் எல்லாத்துக்கும் காரகன், அதாவது அதையெல்லாம் குடுக்குற கிரகம், புதன். இவ ஜாதகத்துல புதன் பன்னெண்டாம் இடமான மீனத்துல நீசம், அதாவது பலமே இல்லாத நிலை. ஆட்சியும் உச்சமுமா இருக்குற கிரகத்தோட தொழிலை வேண்டாம்னு சொல்லி நீசமா கெடக்குற கிரகத்தோட தொழில்ல தள்ளிவிட்டாரு. சாஸ்திரத்தைப் பாத்து சொல்லியிருந்தா இந்த ரெண்டும் தலைகீழால்ல வந்திருக்கணும்?

தசையாவது, அதாவது எந்தக் கிரகத்தோட காலம் எப்ப நடக்குதுன்னாவது, பாத்தாரான்னா அதுவும் இல்ல. ஒரு சேர்க்கை பலன் குடுக்கறது முக்கியமா அதுல இருக்குற கிரகங்களோட தசையிலயும் அதுக்குள்ள வர்ற உட்பிரிவான புக்தியிலயும்தான். உத்திரட்டாதி சனியோட நட்சத்திரம், அதனால சனி தசையில பொறந்தா, அதுல பாக்கி சுமார் 6 வருஷம், பொம்மை வச்சு விளையாடற வயசுலயே முடிஞ்சுபோச்சு. அப்புறம் புதன் 17, கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, அதுக்கப்புறம்தான் செவ்வாய் தசை. கூட்டிப் பாருங்க, செவ்வாய் தசை ஆரம்பிக்கறப்ப அவளுக்கு 66 வயசு ஆகியிருக்கும். நடுவுல புக்திகள் வந்து போகும், இல்லேங்கல. ஆனா 17 வயசுப் பொண்ணுகிட்ட வாழ்நாள் பூரா வேலை நிலைக்காதுன்னு சொல்ல இதுல என்ன இருக்கு?

அவ பி.காம் முடிச்சு அஞ்சு வருஷம் கணக்கு வேலைல இருந்தா. ஒரு நாள் கூட சந்தோஷமா கிளம்பிப் போய் நான் பாக்கல. 27 வயசுல யாரையும் கேக்காம பார்ட் டைம் டிப்ளமோ சேந்தா, வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் வரைஞ்சிட்டு இருப்பா. இப்ப இயந்திர பாகங்களுக்கு டிசைன் போடுற வேலை. அந்த மகரத்துச் செவ்வாய்தான் அவளை அங்க கொண்டு போச்சுன்னு நான் பெருமை பேச வரல, அவ கஷ்டப்பட்டு போனா, அவ்வளவுதான். நாங்க அவகிட்டேர்ந்து எடுத்துக்கிட்டது பத்து வருஷம்.

ஐயா, இப்ப உங்க பக்கத்துல வந்த மத்த சேர்க்கைகளுக்கு வர்றேன்.

சூரியன் புதன் சேர்க்கைக்கு புதாதித்ய யோகம்னு பேரு, நிபுண யோகம்னும் சொல்லுவாங்க. இது இருந்தா அரசு வேலை உறுதின்னு எழுதியிருக்கீங்க. புதன் வானத்துல சூரியனை விட்டு 28 டிகிரிக்கு மேல விலகவே விலகாது. ஒரு ராசி 30 டிகிரி. அப்ப யாரு ஜாதகத்தை எடுத்தாலும் புதன் ஒண்ணு சூரியனோட அதே ராசியில இருக்கும், இல்ல முன்னாடி பின்னாடி ராசியில இருக்கும், வேற எங்கயும் இருக்க வழியே இல்ல. கணக்குப் போட்டா பொறந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்த யோகம் உண்டு. பாதிப் பேருக்கு அரசு வேலை எங்கேர்ந்து வரும்? இதை நம்பி வர்ற வேலையெல்லாம் விட்டுட்டு அரசுத் தேர்வு மட்டும் எழுதிட்டு வயசு வரம்பு தாண்டிப் போன பசங்க எத்தனை பேரு, எங்க சொந்தத்துலயே ரெண்டு பேரு இருக்காங்க, ரெண்டு பேர் வீட்லயும் ஜாதகத்துல இருக்கு ஜாதகத்துல இருக்குன்னே சொல்லிட்டு இருந்தாங்க.

அதுலயும் டிகிரி கணக்கு ஒண்ணு இருக்கு, அது உங்க பக்கத்துல சுத்தமா இல்ல. ஒருத்தருக்கு சூரியன் ராசியோட 1 டிகிரில, புதன் அதே ராசி 27 டிகிரில, கட்டத்துல சேந்திருக்கு, யோகம்னு எழுதிடுவாங்க, ஆனா நடுவுல 26 டிகிரி தூரம். இன்னொருத்தருக்கு சூரியன் 2 டிகிரில, புதன் முந்தின ராசியில 28 டிகிரில, நடுவுல வெறும் 4 டிகிரிதான், ஆனா கட்டம் வேற, அதனால யோகம் இல்லேன்னு சொல்லிடுவாங்க. வானத்துல யாரு பக்கத்துல இருக்கா? இதை வச்சு நான் யோகமே பொய்னு சொல்லல. ரொம்பவும் ஒட்டி வந்தா அதுக்கு வேற பிரச்சினை, அஸ்தங்கம், அதாவது சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல வந்து கிரகம் பலம் இழக்கறது. சூரியனுக்கு 14 டிகிரிக்குள்ள வந்தா புதன் அஸ்தங்கம், செவ்வாய்க்கு 17, குருவுக்கு 11, சுக்கிரனுக்கு 10, சனிக்கு 15ன்னு பழைய கணக்கு, புதனும் சுக்கிரனும் வக்ரத்துல (பின்னோக்கிப் போற மாதிரி தெரியறப்ப) இருந்தா இன்னும் ரெண்டு டிகிரி குறைவு. அப்ப புதாதித்ய யோகம் இருக்குற நிறைய பேருக்கு அதே புதன் அஸ்தங்கமாவும் இருக்கும். புதனுக்கு அஸ்தங்க தோஷம் அவ்வளவா இல்லேன்னு சொல்றவங்களும் உண்டு, அது பெரிய விவாதம், அதை விடுங்க. பாக்க வேண்டியது இவ்வளவு இருக்குன்னு படிக்கிறவங்களுக்கு ஒரு வரியாவது தெரியணும்ல?

வராகமிகிரர் எழுதின பழைய ஜோதிட நூலான பிருகத் ஜாதகத்துல ரெண்டு கிரகம் சேந்தா என்னன்னு தனியா ஒரு அத்தியாயமே இருக்கு. சூரியன் புதன் சேந்தா நிபுணன், அறிவும் புகழும் சுகமும் உள்ளவன்னுதான் சொல்லியிருக்கு, அரசு உத்தியோகம்னு இல்ல. சூரியன் சந்திரன் சேந்தா இயந்திர வேலை, கல் வேலை. சூரியன் சுக்கிரன்னா அரங்கத்தாலயோ ஆயுதத்தாலயோ பொருள் சேப்பான். சூரியன் சனின்னா உலோகத்துலயும் பாத்திர வேலையிலயும் தேர்ச்சி. படிக்கறப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கிட்டத்தட்ட ஆயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முந்தின ஆளுங்க கண்ணு முன்னாடி இருந்த தொழிலையெல்லாம் அழகா கிரகத்தோட கோத்திருக்காங்க. அதே அத்தியாயத்துல சனி செவ்வாய்க்கு நல்ல வார்த்தை கிடையாது, துக்கம், பொய், பழின்னுதான் வருது, அதையும் சொல்லித்தான் ஆகணும். ஆனா அதே நூல்ல தொழிலுக்குன்னு கர்மாஜீவ அத்தியாயம் தனியா இருக்கே. லக்னம், சந்திரன், சூரியன் மூணுலேர்ந்தும் பத்தாம் வீட்டைப் பாத்து, அந்த வீட்டு அதிபதி நவாம்சத்துல (ராசியை ஒன்பதா பிரிச்சுப் போடுற கட்டம்) யாரு வீட்டுல நிக்கிறான்னு பாத்துத்தான் பிழைப்பு எந்த வழின்னு சொல்லச் சொல்றாரு. செவ்வாய்னா தாது, நெருப்பு, ஆயுதம், சாகசம். புதன்னா எழுத்து, கணிதம், சிற்பம். அவரே சேர்க்கையை ஒரு இடத்துல வச்சாரு, தொழிலை இன்னொரு இடத்துல வச்சாரு, நாம எதுக்கு ரெண்டையும் ஒரே வரியில போட்டு அரைக்கணும்?

சேர்க்கை ஒருத்தருக்குன்னு தனியா வர்றதில்லேங்கறதையும் யாரும் யோசிக்கறதில்ல. சனியும் செவ்வாயும் சுமாரா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஒரே ராசியில சேரும், செவ்வாய் சாதாரணமா ஒன்றரை மாசம் அந்த ராசியில இருக்கும், அந்த ஒன்றரை மாசமும் பொறக்குற அத்தனை குழந்தைக்கும் இந்தச் சேர்க்கை உண்டு. குருவும் சனியும் 20 வருஷத்துக்கு ஒருக்கா சேரும். 2020 டிசம்பர் 21ல மகரத்துல ரெண்டும் பத்துல ஒரு டிகிரி தூரத்துக்கு வந்துச்சு, 1623க்கு அப்புறம் அவ்வளவு நெருக்கமா வந்தது அப்பதான். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2020 நவம்பர் 20லேர்ந்து 2021 ஏப்ரல் தொடக்கம் வரைக்கும் ரெண்டும் அங்கயேதான் சேந்து இருந்துச்சு. அப்ப பொறந்த குழந்தைகளுக்கெல்லாம் குரு நீசம், சனி ஆட்சி, அதனால குருவோட நீசம் நீங்குற நீசபங்கம். எல்லாரும் ஒரே வேலைக்கா போகப் போறாங்க? ஆளுக்கு ஆள் மாத்துறது லக்னம்தான், அது சுமார் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மாறுது. என் பொண்ணு பொறந்த அன்னிக்கே நாலஞ்சு மணி நேரம் தள்ளி மிதுன லக்னத்துல பொறந்திருந்தா அதே சனி செவ்வாய் எட்டாம் இடத்துல போய் உக்காந்திருக்கும், படிக்க வேண்டிய கதையே வேற. துலா லக்னத்துக்கு கடகத்துல இந்தச் சேர்க்கை வந்தா அதுவும் பத்தாம் இடம்தான், ஆனா அங்க செவ்வாய் நீசம், சனி நாலு அஞ்சுக்கு அதிபதியா யோககாரகன், அதாவது நல்ல பலன் குடுக்கறவன். உங்க பக்கத்துல லக்னம்ங்கற வார்த்தையே ஒரு தடவை கூட வரல.

குருவும் ராகுவும் சேந்தா வர்ற யோகத்துக்கு ஒரு பேரு போட்டிருந்தீங்க, தடிச்ச எழுத்துல. அது ஒரு சமூகத்தையே இழிவு பண்ற பேரு ஐயா. பழைய நூல்ல இருக்குன்னாலும் இன்னிக்கு அச்சுல போட வேண்டியதில்ல, குரு ராகு சேர்க்கைன்னு போட்டா யாருக்கும் புரியாமப் போயிடாது. 2023 ஏப்ரல் கடைசியிலேர்ந்து அக்டோபர் வரைக்கும் மேஷத்துல அந்தச் சேர்க்கை இருந்துச்சு, அப்ப பொறந்த குழந்தையோட அம்மா ஒருத்தி என்கிட்ட வந்து, இவன் படிக்கவே மாட்டானாமே, குருத்துரோகம் பண்ணுவானாமேன்னு அழுதா. குழந்தைக்கு அப்ப ஒன்றரை வயசு.

நிறைய கிரகம் கூடுறதைப் பத்தி பீதி கிளப்புறதும் புதுசு இல்ல. 1962 பிப்ரவரில மகரத்துல சூரியன் முதல் சனி வரை ஏழும் கேதுவோட சேந்து எட்டு கிரகம் கூடுச்சு, அஷ்டகிரகம்னு நாடு பூரா பயந்து யாகமெல்லாம் நடந்துச்சு, உலகம் அழியப் போகுதுன்னே பேச்சு. அழியல. 2025 மார்ச் 29ல மீனத்துல சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், சனி, ராகு ஆறும் கூடுதுன்னு மறுபடி அதே கூத்து, வேலை போயிடும், ராஜினாமா பண்ணாதீங்க, பண்ணுங்கன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஆறு கிரகம்ங்கறது திருக்கணிதப்படி. வாக்கியம்ங்கற பழைய முறைப் பஞ்சாங்கப்படி சனி 2026 மார்ச் 6லதான் மீனத்துக்கு வருது, அன்னிக்கு வாக்கியக்காரங்களுக்கு சனி கும்பத்துலயே இருந்துச்சு, அவங்க கணக்குல அஞ்சு கிரகம்தான். ஒரே நாள், ஒரே வானம், பஞ்சாங்கம் மாறினா கூட்டமே மாறிடுது. வீட்ல பாதிப் பேரு வாக்கியம் பாக்குறவங்க பாதிப் பேரு திருக்கணிதம் பாக்குறவங்கன்னு இருக்கறப்ப எந்தப் பஞ்சாங்கம்னு கூட போடாம சேர்க்கை பலன் எழுதினா படிக்கிறவங்க எதைப் பிடிச்சுக்கறது? இன்னொண்ணும் சொல்லணும், நாலும் அதுக்கு மேலயும் பலமான கிரகம் ஒரே ராசியில கூடினா வராகமிகிரர் சொல்றது சந்நியாச யோகம், கோடீஸ்வர யோகம் இல்ல.

நான் கேக்கறது ரொம்பப் பெருசா ஒண்ணும் இல்ல. ஜோதிடப் பக்கத்தை நிறுத்துங்கன்னு சொல்லல, நானே வாராவாரம் அதைத்தான் முதல்ல பிரிக்கிறேன். சேர்க்கை பலன் போட்டா எந்த லக்னத்துக்கு எத்தனாவது வீடுன்னு சேத்துப் போடுங்க. எத்தனை டிகிரிக்குள்ள, அஸ்தங்கமா, யுத்தமா, அதைப் பாக்கச் சொல்லி ஒரு வரி. வாக்கியமா திருக்கணிதமான்னு ஒரு வார்த்தை. அப்புறம் இந்த வேலைதான் கிடைக்கும், இந்த வேலை நிலைக்காதுன்னு முடிவா எழுதுறதை தயவுசெஞ்சு விட்டுடுங்க, முக்கியமா பன்னெண்டாவது ரிசல்ட் வர்ற மாசத்துல. அந்த மாசத்துலதான் அப்பா அம்மா எல்லாரும் ஜாதகத்தைத் தூக்கிட்டு அலையுறாங்க, நாங்க அலைஞ்ச மாதிரி.

2026 ஏப்ரல்ல சனியும் செவ்வாயும் திரும்ப சேருது, மீனத்துல. நீங்க கண்டிப்பா ஒரு பக்கம் போடுவீங்க. அந்தப் பக்கத்தை எழுதுறவர் கிட்ட இந்தக் கடிதத்தைக் காட்டிட்டு எழுதச் சொல்லுங்க, மேஷ லக்னத்துக்குப் பத்துல இருந்தா என்னன்னு அவரு என்ன எழுதுறாருன்னு நான் பாக்கணும்.

இப்படிக்கு,
உங்க பத்திரிகையோட நீண்ட நாள் வாசகி